விரிசல் முனையில் நீ போட்ட கோடு

பாப்பா,

காலையில் தபால்காரர் கொடுத்த கவரைப் பிரித்ததும் டைப் அடித்த மை வாசம் வந்தது. நீ கேள்வித்தாள் கொண்டுவரும் நாள்களில் உன் கைப்பையில் அடிக்கும் வாசம். இதைப் படித்துச் சொல்லு என்று உன்னைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். பாதியில்தான் நினைவு வந்தது.

நம் வீட்டைச் சோதித்துப் போன இன்ஜினியரின் ரிப்போர்ட் அது. மூன்று தாள், முழுக்க இங்கிலீஷ். மூணாப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் என்னத்தைக் கண்டேன்? வீட்டுக்கு வந்த தாளையெல்லாம் நீதான் படித்துச் சொன்னாய். நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன்.

வீட்டை விற்கப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. புருசனைப் பறிகொடுத்து நின்றவளை, "எங்கிட்ட வந்து இரு அக்கா" என்று கூட்டிவந்தாய். நீ போனபின் இங்கே என் இருமல்தான் எனக்குத் துணை. சிங்கம்புணரியிலிருந்து நம் தம்பி கூப்பிடுகிறான். பூட்டிப்போட்டுவிட்டுப் போக மனசில்லை. சாக்கோட்டை வாத்தியார் ஒருவர் சம்சாரத்தோடு வந்து பார்த்தார். பிடித்துவிட்டது. ஆனால் பேங்கில் லோன் கொடுக்க, இன்ஜினியர் பார்த்து எழுதித் தரவேண்டுமாம்.

அவர் வருவதற்கு முந்தின நாள், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வைக்கிற மாதிரி வீட்டைத் துடைத்து வைத்தேன். படுக்கிற அறையின் கிணற்றடிச் சுவர் மட்டும் கறையாகத் தெரிந்தது. சுண்ணாம்பு குழைத்து, ஜன்னல் மூலை விரிசலில் துணியால் அழுத்தி அப்பி, அதன் பக்கத்தில் நீ கிறுக்கி வைத்திருந்ததையும் சேர்த்துப் பூசிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் அந்தக் கை அகலத்தைத் தொடவிடமாட்டாய். இனி யார் அதைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

இன்ஜினியர் சின்ன வயசுக்காரர். கதவைத் தட்டினார், தரையைத் தட்டினார், கிணற்றடிச் சுவரில் வந்து நின்றுவிட்டார்.

"என்னம்மா, வீடு பூரா பழைய வெள்ளை. இது மட்டும் நேத்து அடிச்சிருக்கீக. எதை மறைக்கிறீக?"

"அழுக்கா இருந்துச்சு தம்பி."

"அழுக்கா இருந்தாத்தானம்மா எனக்குச் சேதி தெரியும்."

பூச்சின்மேல் விரலை ஓட்டி விரிசலைக் கண்டுகொண்டார். ஜன்னல் மூலையிலிருந்து இப்படிச் சாய்வாக ஏறுகிற விரிசல், அஸ்திவாரம் இறங்கினால் வருமாம். இறங்கி நின்றுவிட்டால் பயமில்லை. இன்னும் இறங்குகிறதா என்பதுதான் கேள்வியாம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீ போட்ட கோடுகளைச் சொன்னேன். வருசா வருசம் மழை விட்டதும் ஸ்டூல் போட்டு ஏறி, விரிசல் முடிகிற முனையில் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி போடுவாயே, அதை.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அது இருந்திருந்தா நான் வேற ஒண்ணுமே கேட்டிருக்க மாட்டேனேம்மா! யாரு போட்டது?"

"எந்தங்கச்சி. டீச்சரு."

"அவுகளக் கூப்பிடுங்க."

நான் உன் படத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அவர் போனபின் கரண்டியால் சுரண்டிப் பார்த்தேன் பாப்பா. சுண்ணாம்போடு பென்சில் கோடுகளும் உதிர்ந்து வந்துவிட்டன.

"சுவத்துல கிறுக்குற பிள்ளைகள அடிக்கிற டீச்சரு, வீட்டுச் சுவத்துல கிறுக்குது பாரு" என்று எத்தனை தடவை கேலி செய்திருப்பேன். "உன் தலையில விழும்போது தெரியும், போ" என்பாய்.

இன்று சாயங்காலம் வாத்தியாரே வந்து ரிப்போர்ட்டைப் படித்துச் சொன்னார். நிலைக்கால் அடியில் கறையான். குளிக்கிற தண்ணீர் சுவரோரம் தேங்குகிறது. கரண்டு ஒயர் பழசு. நீ கட்டிக்காத்த வீட்டை நடுத்தெருவில் வைத்துத் திட்டுவது போலிருந்தது.

"பிடிக்கலைன்னா போயிருங்க தம்பி. எதுக்கு வீட்ட வையிறீக?"

அவர் சிரித்துவிட்டார். "வையலக்கா. எதை உடனே பாக்கணும், எது பொறுக்கும்னு பிரிச்சு எழுதியிருக்காரு, அவ்வளவுதான். கறையானுக்கு மருந்து அடிச்சுக்கிறலாம், ஒயர மாத்திக்கிறலாம். மேக்கூரை நல்லா இருக்குன்னும் எழுதியிருக்காரே, அது உங்க காதுல விழுகலையா?"

விழவில்லைதான். மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

கடைசித் தாளில் ஓர் இடத்தைக் காலியாக விட்டிருந்தார் இன்ஜினியர். கிணற்றடிச் சுவர் விரிசல் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று வீட்டுக்காரர் தமக்குத் தெரிந்ததை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்.

"நின்னுருச்சுன்னு எழுதுனாப் போதும், லோன் வந்துரும். தெரியலைன்னா ஒரு மழை பாத்துட்டுத்தான் தருவாக" என்றார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "அந்தச் சுவத்தோரம்தான் எம்பிள்ளைகளப் படுக்கப்போடணும். உள்ளதச் சொல்லுங்கக்கா."

நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். பேனாவும் தாளும் முன்னால் இருக்கின்றன. நின்றுவிட்டது என்று எழுத எனக்குத் தெரியும், அந்த அளவுக்கு எழுத்து வரும். எழுதினால் நாளைக்கே தம்பி வீட்டுக்குப் புறப்படலாம். எழுதாவிட்டால் இன்னொரு மழைக்காலம் இந்த வீட்டில் தனியாக.

கோடு போட்டு இறங்கியதும் ஒவ்வொரு வருசமும் சொல்வாய்: "அப்படியேதான் இருக்குக்கா, நம்மள மாதிரி." கடைசி வருசம் சொல்லவில்லை. ஸ்டூலை எடுத்துவைக்காமல் போய்ப் படுத்துக்கொண்டாய். நானும் அடுப்பு வேலையில் கேட்காமல் விட்டுவிட்டேன். அன்றைக்கு அந்த விரிசல் கோட்டைத் தாண்டியிருந்ததா பாப்பா, இல்லை, உனக்கு அப்போதே பேச முடியாத அளவுக்கு நோவு இருந்ததா?