ரெண்டு கலர் வூடு

ஆவணி 3, திங்கள்

காலையில் மேகமூட்டம். தூறல் நாலு சொட்டு. ஐந்தாவது சொட்டு கர்நாடகாவிலேயே நின்றுவிட்டது.

செய்தி: அண்ணன் மகள் தேன்மொழிக்கு இடம் அமைந்துவிட்டது. 16 ஞாயிறு, நிச்சயம், வீட்டிலேயே. மாப்பிள்ளை வீடு பொம்மிடி. எனக்குச் சொன்னது பால்காரர். அண்ணன் சொல்ல மாட்டான். பேச்சு நின்று நாலு வருஷம்.

வீட்டின் வரலாறு (வருங்கால அரசர்கள் அறிய): அப்பா கட்டியது ஒரே வீடு. பாகம் பிரித்தபோது நட்டநடுவில் கோடு. கிழக்குப் பாதி அண்ணன், மேற்குப் பாதி நான். என்னைக் கேட்காமல் தன் பாதிக்கு ரோஸ் அடித்தான். மறுநாளே என் பாதிக்குக் கிளிப்பச்சை. சூரியன் இரண்டு நாள் எங்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு போனதாகக் கேள்வி. பேச்சு நின்றது அன்றுதான். டவுன் பஸ் கண்டக்டர் நிறுத்தத்துக்குப் பெயரே வைத்துவிட்டார்: “ரெண்டு கலர் வூடெல்லாம் எறங்கு!”

ஆவணி 5, புதன்

வெயில். கிணற்று மோட்டார் ரிப்பேர், இன்னும்.

சாயங்காலம் தேன்மொழி வந்தாள். தருமபுரியில் லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. குத்தினது தெரியாமல் எடுப்பாள் என்று ஜில்லாவெல்லாம் பெயர்.

“சித்தப்பா, வூட்ட ஒரே கலரா அடிச்சிடலாங்க. பொண்ணு பாத்தது கோயில்ல. வூட்ட அவங்க இன்னும் பாக்கல. வந்து பாத்தா, பங்காளிங்களுக்குள்ள ஆகாதுன்னு செவுரே சொல்லிடும். இப்படி பங்காளிச் சண்ட இருக்கற வூடுன்னுதான் அவரோட அண்ணனுக்குப் பாத்த எடத்தையே வேணான்னுட்டாங்களாம்.” பிறகு தலையைக் குனிந்து, “எனக்கு அவரப் புடிச்சிருக்குங்க சித்தப்பா.”

உடனே தீர்ப்புச் சொன்னேன்.

“ஒரே கலரு. உத்தரவு குடுத்தாச்சு. ஆனா என்ன கலருன்னு நான்தான் சொல்லுவேன்.”

“அப்பாவும் அதேதான் சொல்றாரு.”

அடுப்படியிலிருந்து என் வீட்டம்மா சரசு: “ஒரே வயித்துல பொறந்ததுங்கன்னு வேற சாட்சி வேணுமா?”

ஆவணி 6, வியாழன்

வண்ண அட்டை பார்த்தல். மகாபாரதத்துக்கு அடுத்த பெரிய புத்தகம். சதுரம் சதுரமாக எல்லாம் ஒரே மாதிரி, பெயர் மட்டும் வேறு.

பெயிண்டர் பெருமாள் உடன். எதைத் தொட்டாலும் ஒரு கட்சிக் கொடி பறக்கிறது.

“அது வேணாங்ணா. எலக்சன் வந்தா பூத் ஆபீசுன்னு நெனச்சு வந்து உக்காந்துக்குவாங்க.”

கழித்துக் கழித்து என் தீர்ப்பு: மயில் நீலம். விமானத்தில் போகிறவன்கூடக் கீழே பார்த்துக் கையெடுப்பான். அண்ணன் தீர்ப்பு: சந்தனம். அது நிறமா? நிறம் தூங்கும்போது போடுகிற போர்வை.

அவரவர் பாதியில் கையகல மாதிரி அடித்தாயிற்று. அட்டையில் பார்த்ததற்கும் சுவரில் பார்ப்பதற்கும் சம்பந்தமில்லை. சுவரில் மயில் கொஞ்சம் கோபமாக இருக்கிறது. சொல்லவில்லை.

ஆவணி 8, சனி

பழைய பெயிண்ட் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்தாயிற்று. இரண்டு பாதியும் வெள்ளை. நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒரே வீடு. ரோட்டில் போன கிழவர் சைக்கிளை நிறுத்தி, வழி தவறிவிட்டோமோ என்று பார்த்தார்.

அண்ணன் அவன் பக்கம் நாற்காலி போட்டுச் சுவரையே பார்த்தான். நான் என் பக்கம். நடுவில் மாமரம். இருவரும் மாமரத்திடம் பேசினோம்.

“சந்தனந்தான் கௌரவம், என்ன மரமே?”

“மரமே, சந்தனம் பூசறது பொணத்துக்குன்னு சொல்லு.”

இது கொஞ்சம் அதிகம்.

ஆவணி 9, ஞாயிறு

நல்ல மழை. வேலை நின்றது. நிச்சயத்துக்கு இன்னும் ஏழு நாள்.

தேன்மொழி குடையோடு வந்து காதில் சொன்னாள்: “சித்தப்பா, அப்பா எறங்கி வந்துட்டாரு. மயில் நீலமே இருக்கட்டுமாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு.”

வெற்றி! பீரங்கி முழங்க வேண்டிய நேரம். முழங்கவில்லை. அண்ணன் இறங்கினானா? எனக்கு முன்னால்? பெருந்தன்மையில் அவன் என்னை ஜெயிப்பதா? அவன் ஒரு படி இறங்கினால் நான் கிணற்றுக்கே இறங்குவேன்.

ஆவணி 10, திங்கள்

பாப்பாரப்பட்டி. பெயிண்ட் கடை பாயிடம் அண்ணனின் சந்தன நம்பரைச் சொன்னேன். மெஷினில் கலக்கி, குலுக்கி, மூடி போட்டு முடித்தார். இருபது லிட்டர். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

“காலைல உங்க அண்ணன் வந்தாருங்க. மயில் நீலம் வாங்கிட்டுப் போனாரு.”

“திருப்பி எடுத்துக்குவீங்களா பாய்?”

“கலந்தது கலந்ததுதாங்க. பிரிக்கறதுக்கு மெஷின் வரல.”

ஆவணி 11, செவ்வாய்

வாசலில் இரண்டு பக்கெட். அவனிடம் என் நிறம், என்னிடம் அவன் நிறம். இப்படியே அடித்தால் மறுபடியும் ரெண்டு கலர், பாதி மட்டும் மாறி.

தேன்மொழி ஒத்துக்கொண்டாள். “அப்பாகிட்டயும் அதேதான் சொன்னேன். சித்தப்பா எறங்கி வந்துட்டாருன்னு. ஒருத்தராவது சும்மா இருப்பீங்கன்னு நெனச்சேன்.”

குத்தினது தெரியவே இல்லை.

அழுதுவிடுவாள் போல இருந்தது. அண்ணன் உள்ளே போனான். தண்ணீர் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தான். மயில் நீலத்தைக் கவிழ்த்தான். நான் சந்தனத்தைக் கவிழ்த்தேன். மூங்கில் கழியின் மேல்முனை அவன் கையில், கீழே என் கை.

“அடியோட கலக்குடா.”

நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. மகன் தலையில் கிரீடம் வைக்கிற அரசன் இதைவிட அழகாகப் பேசியதில்லை. நானும் பதில் பேசினேன்: “கலக்கறேன்ல.”

வந்த நிறம்: பச்சையில்லை, சாம்பலில்லை. கொள்ளு இலையின் அடிப்பக்கம். பெருமாள் அட்டை முழுக்கத் தேடினார்.

“இதுக்கு நம்பரே இல்லீங்ணா. பத்தலன்னா எந்தக் கடையிலயும் கெடைக்காது.”

ஆவணி 14, வெள்ளி

இரண்டு பூச்சும் முடிந்தது. பெயிண்ட் பத்தாமல் போகவில்லை. மிச்சம் அரை பக்கெட். யார் வீட்டுப் பரணில் வைப்பது என்று அரை மணி நேரம் சண்டை. வாயால். சுகம்.

கோடு இருந்த இடத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை.

ஆவணி 16, ஞாயிறு

வெயில் அளவாக. பந்தல், பாயசம், பொம்மிடி வேன் பத்தரைக்கு. மாப்பிள்ளையின் அப்பா இறங்கியதும் வீட்டை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “நல்ல கலருங்க. கடைல இருக்குதா?” தேன்மொழி முகத்தில் இன்றுதான் ரத்தம் ஓடியது.

தட்டு மாற்றி முடிந்து எல்லாரும் வாசலில். டவுன் பஸ் வந்து நின்றது. பாழாய்ப்போன கண்டக்டர்: “ரெண்டு கலர் வூடெல்லாம் எறங்கு!”

சம்பந்தி சுற்றும்முற்றும் பார்த்தார். “எங்கங்க அந்த வூடு?”

நான் மாமரத்தைப் பார்த்தேன். அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கண் இமைக்காமல்: “அது அடுத்த ஸ்டாப்புங்க. கண்டக்டரு புதுசு.”

“ஆமாங்க,” என்றேன் நான். “அண்ணன் தம்பி ரெண்டு பேருங்க. சரியான கிறுக்கனுங்க.”