கேட் பலகையில் உன் பெயர்

அன்பு மாணிக்கம்,

நேரில் பேசினால் எனக்கு நாக்கு குழறும். எழுதுவதென்றாலும் வரிசை வேண்டும். நீ சிரிப்பாய், தெரியும். சொல்லப்போவது இவை:

1. சமம் என்ற சொல் எங்கிருந்து வந்தது.
2. ஒப்பந்தம் என்ற சொல் உன்னை என்ன செய்தது.
3. சாவில் எல்லாரும் சமம். எமனுக்குச் சமன் என்று பெயர் வந்தது அதனால்தான்.

நான் வாத்தியார் இல்லை, தொழிற்சாலை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். தமிழ் எம்.ஏ. படித்த குற்றத்துக்கு நீ வைத்த பெயர் அது. திருவொற்றியூரில் ரயில் ஏறி எண்ணூரில் இறங்குவதற்குள் ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வாய். ஒருநாள் சங்க அலுவலகச் சுவரில் சிவப்பாக எழுதியிருந்த 'சமத்துவம்' உன் கண்ணில் பட்டது.

"இது எங்கருந்து வந்துது வாத்தியாரே?"

வடமொழியிலிருந்து வந்தது, மேடுபள்ளம் இல்லாத தரையையும் சமம் என்பார்கள் என்றேன். தமிழில் நிகர் இருக்கிறது, ஒப்பு இருக்கிறது என்றேன்.

"அப்போ ஒப்பந்தம்?"

அதுவும் ஒப்பிலிருந்து பிறந்ததுதான். இரண்டு பேர் ஒத்துக்கொள்வது என்றேன். பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாய். "நான் எவன்கிட்ட ஒத்துக்கினேன்? காட்டு அவன!"

ஒரே கொதிகலன், ஒரே சூடு. பக்கத்தில் நின்றவர் நிரந்தரம், நீ கடைசிவரை ஒப்பந்தம். சமம் என்று பொருள்படும் ஒப்பிலிருந்து பிறந்த சொல்லே உன்னைக் கீழே நிறுத்தியது. இதை எந்த அகராதியிடம் போய்ச் சொல்வது?

நீ இறந்த பிறகு நடந்ததைக் கேள். தொழிலாளி ஒருவர் இறந்தால் கேட் பலகையில் பெயர் எழுதுவார்கள், ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். உனக்கும் அப்படி நிற்க வேண்டும் என்றாள் உன் மகள் கலா. உள்ளே கேன்டீனில் அவளும் ஒப்பந்தம்தானே. துணைக்கு என்னை அழைத்துப்போனாள்.

சங்கச் செயலாளர் நாற்காலியெல்லாம் போட்டார். "ஒப்பந்தக்காரங்க பேரு எழுதற வழக்கம் இல்ல சார். ஒருத்தருக்கு எழுதினா அப்புறம் எல்லாரும் வருவாங்க."

"செத்தா தானே சார் வருவாங்க? உங்களுக்கு இன்னா பேஜாரு?" என்றாள் கலா.

அவர் தலைக்கு மேலே அதே சிவப்பு எழுத்து. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மனிதர் இப்படிப் பேச முடியுமா? என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் வாயில் வந்தது என்ன தெரியுமா? "சமம் என்பது வடசொல்..." என்று ஆரம்பித்தேன். "வா பெரிப்பா" என்று கலா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

பலகையில் யாரோ ஒரு மேற்பார்வையாளர் பெயர் இருந்தது. கீழே இடமும் இருந்தது, சாக்பீஸும் இருந்தது. ஓரமாக, சின்னதாக உன் பெயரை எழுதினேன். காவலாளி எழுந்து வந்தார். பிடித்துத் தள்ளப்போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னா சார், எறும்பாட்டம் கீது? பெர்சா எழுது, நானும் கான்ட்ராக்ட்டுதான்."

அழித்துவிட்டுப் பெரிதாக எழுதினேன். ஷிப்ட் மாறியது. கேன்டீன் பெண்கள் நின்றார்கள், காவலாளி தொப்பியைக் கழற்றினார். நிரந்தரத்தில் சிலர் நின்றார்கள், பலர் வேகமாகப் போய்விட்டார்கள். சாயங்காலம் உன் பெயர் இல்லை. மேற்பார்வையாளர் பெயரில் ஒரு புள்ளிகூடக் கலையவில்லை. உன்னை மட்டும் துடைப்பதற்கு எத்தனை கவனமாகக் கையை ஓட்டியிருக்க வேண்டும், பார்த்தாயா?

நாளைக் காலை கலாவும் நானும் மறுபடி போகிறோம். அழித்தால் மறுநாளும் போவோம். நான் பயந்தவன்தான், ஆனாலும் பெரிதாகவே எழுதுவேன்.

வீடு வந்து அகராதியைப் புரட்டினேன். எமனைக் குறிக்கும் சமனுக்கு மூலப்பொருள் அடக்குபவன் என்று போட்டிருக்கிறது. அது வேறு வேர், சமத்துவத்தோடு ஒட்டுமில்லை உறவுமில்லை. என் மூன்றாவது குறிப்பு தவறு, மாணிக்கம். எமன் யாரையும் சமமாக்கவில்லை. அந்த வேலையை எங்களிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

உன் கலாவுக்குப் பெரியப்பா,
உன் வாத்தியார்