மெதுவாக இறங்கட்டும்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுத ஆசைதான், முழங்கால் விடமாட்டேன் என்கிறது. போனில் சொன்னால் திட்டுவாய், அதனால்தான் கடிதம். கட்டி ஒன்று கிளம்பிக் கால் கொழுக்கட்டையாக வீங்கிவிட்டது. சீழைச் சோதித்ததில், சாதாரண மாத்திரைக்கெல்லாம் அடங்காத கிருமியாம். நரம்பில் ஏற்றும் மருந்துதான் கேட்குமாம். வார்டில் படுக்க வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை கால்பந்து இறுதி ஆட்டம். பயிற்சியாளன் நான் இல்லாமல் என் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? நீ மருந்தாளுநராக இருந்து என்ன பிரயோஜனம், ஒரு குறுக்கு வழி சொல்லேன்.

உன் தம்பி

மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

குறுக்கு வழி கிடையாது. இந்தக் கிருமி ரத்தத்தில் கலந்தால் இதயம் வரை போகும். வாயை மூடிக்கொண்டு படு. உன் துண்டை யாருக்கும் கொடுக்காதே.

அக்கா

மார்ச் 9

அக்கா,

கோபித்துக்கொள்ளாதே, வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. முகம், கழுத்தெல்லாம் சிவந்து ஒரே அரிப்பு. அலர்ஜி என்று எழுதிவிட்டு, வேறு மருந்து தொடங்க வேண்டும், இரு என்றார்கள். என் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்: ஆட்டத்துக்கு நேரமாகிறதே என்று, நர்ஸ் நகர்ந்ததும் மருந்து சொட்டும் குழாயிலிருந்த சின்னச் சக்கரத்தை நானே திருகி, மருந்தை வேகமாக விட்டேன். ஜெயித்துவிட்டோம்! ராத்திரியிலிருந்து குளிர் நடுக்கம். ஓடியாடிய அசதிதான்.

உன் அவசரக்குடுக்கை

மார்ச் 11

அடேய்,

அது அலர்ஜி இல்லை. மெதுவாக இறங்க வேண்டிய மருந்தை மடமடவென்று விட்டால் அப்படித்தான் சிவக்கும். நடுக்கமும் அசதி இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. சக்கரத்தைத் திருகியதை டாக்டரிடம் சொல். சொல்லாவிட்டால், அலர்ஜி என்று நினைத்து, உனக்குக் கேட்கிற மருந்தைத் தொடவே மாட்டார்கள். போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். பயமாக இருக்கிறதடா. நானும் கிளம்புகிறேன்.

அக்கா

மார்ச் 14

தம்பி,

என் கடிதம் உன் வீட்டுக் கதவடியில் பிரிக்காமலே கிடந்தது. அதற்குள் உன் கால்பந்துப் பிள்ளைகள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இப்போது ஐ.சி.யூ.வில் உன் அறைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே விடவில்லை, நர்ஸ் இதை உன் காதருகே வாசிப்பார். வேறு மருந்து ஏற்றியும் காய்ச்சல் அடங்கவில்லையாம். சக்கர விஷயத்தை டாக்டரிடம் சொன்னேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். பழைய மருந்தையே மெதுவாக ஏற்றுகிறார்கள். சொட்டு விழுவது இங்கிருந்தே தெரிகிறது. திட்ட மாட்டேன். நான் சொல்வது கேட்டால் ஒரு விரலை அசை.

அக்கா

அதே நாள், சாயங்காலம்

தம்பி,

வாசித்துவிட்டதாக நர்ஸ் சொன்னார். விரல் அசையவில்லை. அந்த மெஷின் சத்தத்தில் உன் காதில் சரியாக விழுந்திருக்காது. இன்னொரு முறை வாசிக்கச் சொல்லி இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஒன்றும் அவசரமில்லையடா. மெதுவாகவே அசை.

உன் அக்கா