அம்முணியை உட்கார வைத்த ஸ்டாப்வாட்ச்

கரண்ட் பில்லைத் தேடிப் பரணைக் குடைந்தபோது உங்கள் பலகை கையில் அகப்பட்டது. ஓரத்தில் ஸ்டாப்வாட்ச் வைக்க வட்டமாகக் குழி வெட்டி, மேலே கிளிப் அடித்த அந்தப் பிளைவுட் பலகை. ஆகுர்டி ஃபாக்டரியில் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்று, எந்த வேலைக்கு எத்தனை நொடி ஆகிறது என்று எழுதுவதுதானே உங்கள் பிழைப்பு. நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. மடியில் வைத்து அதன் மேலேயே இதை எழுதுகிறேன். நடுநடுவே எழுந்து போவேன், என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே.

நம் பெண் அம்முணி அப்போது மூன்றாம் வகுப்பு. கண் விழித்தால் அவள் கால் தரையில் பாவாது. கட்டிலிலிருந்து சோபா, சோபாவிலிருந்து ஜன்னல், சாப்பாட்டுத் தட்டோடும் ஓட்டம். நம் நிக்டி வீட்டின் கீழ்வீட்டுக்காரர் தன் கூரையைத் துடைப்பக் கட்டையால் இடிப்பார். வகுப்பு நடக்கும்போதே எழுந்து போய் மற்றப் பிள்ளைகளின் பென்சிலை எடுப்பாள். டாக்டரிடம் காட்டுங்கள், இப்படியே இருந்தால் அடுத்த வருடம் வைத்துக்கொள்ள முடியாது என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டார். கோயமுத்தூரிலிருந்து போனில் உங்கள் அக்கா, "வளர்ப்பு அப்புடி" என்றார். பகல் முழுக்க அவள் பின்னால் ஓடியது நான். குற்றவாளியும் நான்.

நீங்கள் உங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பலகையோடு அவள் எதிரில் உட்கார்ந்து, "அப்பா டைம் எழுதப் போறேன், நீ உன் வேலையப் பாரு சாமி" என்றீர்கள். ஆளிடம் சொல்லாமல் அளக்கக் கூடாது என்பது உங்கள் தொழிலில் சட்டம். நாற்பது நிமிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டாள், எழுந்தது இரண்டே தடவை. எனக்கே நம்ப முடியவில்லை.

சிஞ்ச்வாட் டாக்டரம்மா, வீட்டில் எப்படி என்று கேட்டதும் அந்தத் தாளை நீட்டினீர்கள். "வீட்டில் ஒழுங்காகத்தான் உட்காருகிறாள் மேடம், நானே அளந்தேன். இவள் அம்மாவுக்குத்தான் பொறுமை இல்லை" என்று உங்கள் அரைகுறை ஹிந்தியில் சொன்னீர்கள். நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. மருந்து இருக்கிறது, சில குழந்தைகளுக்கு அது தேவைதான், இவளுக்கு முதலில் மூன்று மாதம் மருந்தில்லாமல் பார்ப்போம் என்றார் டாக்டர். ஒரே நேரத்தில் தூக்கம், ஓடி விளையாடப் போதுமான நேரம், பாடத்தைத் துண்டு துண்டாகக் கொடுப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அடிக்கக் கூடாது என்பதை மட்டும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

இருங்கள், குக்கர் கூப்பிடுகிறது.

வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை, நீங்கள் வேலைக்குப் போயிருந்தபோது பலகையை நான் எடுத்தேன். ஆத்திரம்தான், வேறென்ன. அவளிடம் சொல்லவும் இல்லை. ஹோம்வொர்க்கை வைத்துவிட்டு, சப்பாத்தி தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்து, அவள் எழும்போதெல்லாம் ஒரு கோடு போட்டேன். முக்கால் மணி நேரத்தில் முப்பத்தொரு கோடு. நீங்கள் செருப்பைக் கழற்றும் முன்பே நீட்டினேன்.

"ஏனுங்க, நானும் அளந்துட்டேன். இதுக்கென்ன சொல்றீங்க?"

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தீர்கள். "இவ எந்திரிச்சப்பெல்லாம் நீ எங்க இருந்தே?"

"அடுப்படில. வேற எங்க இருக்கட்டும்?"

"நான் அவ எதுக்கால, மூஞ்சிக்கு நேராவே உக்காந்திருந்தேன்" என்றீர்கள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டீர்கள். "வாட்ச்சோட போய் நின்னா எந்த ஆளும் மாறித்தான் போவான். பதினஞ்சு வருசமா இதத்தான பாக்கறேன். என்ற புள்ளகிட்ட மறந்துட்டேன் பாரு."

அதற்குப் பிறகு எங்கள் இருவருக்குமே நீங்கள் வேலை பிரித்தீர்கள். எட்டு நிமிடம் பாடம், யாராவது ஒருவர் பக்கத்தில். பிறகு மூன்று மாடி இறங்கிக் கொத்தமல்லி வாங்கி வருவது. மறுபடி எட்டு நிமிடம். பிறகு சப்பாத்தி மாவைக் குத்திப் பிசைவது. அவளை உட்கார வைப்பதைவிட என்னை உட்கார வைப்பது உங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. "எந்திரிக்காத புள்ள, பருப்பு கருகுனாக் கருகட்டும்" என்பீர்கள். நிறைய நாள் கருகத்தான் செய்தது. வகுப்பு டீச்சரிடம் நீங்களே போய்ப் பேசினீர்கள். நோட்டுப் புத்தகங்களைக் கொடுப்பதும் கரும்பலகையைத் துடைப்பதும் அவள் வேலையாயின. ஒன்றும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. இரண்டாம் மாதம் டிவி மேலிருந்து குதித்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். அன்று ஓங்கி ஒரு அறை விட்டேன். அந்த வலி இன்னும் என் உள்ளங்கையில்தான் இருக்கிறது, அவளுக்கு மறந்தே போய்விட்டது.

இப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். இன்றும் நடந்துகொண்டேதான் படிக்கிறாள், போனில் பேசும்போது வராந்தாவைச் சுற்றுவது எனக்குக் கேட்கிறது. தானே அலாரம் வைத்துக்கொண்டு உட்காருகிறாளாம். அவளைப் பற்றி எனக்குப் பயம் இல்லை.

எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் போனோம். பள்ளியில் புகார் குறைந்திருக்கிறது, இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். நான் கைப்பையை எடுத்துவிட்டேன். நீங்கள் எழுந்து நின்று, மேனேஜர் முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டீர்கள். "மேடம், போன தடவை நான் சொன்னது தப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டுச் சொன்னேன். இவள் அம்மாதான் எல்லா நாளும் பார்க்கிறாள். அதை உங்கள் ஃபைலில் எழுதிக்கொள்ளுங்கள்" என்றீர்கள். டாக்டரம்மா சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது உங்களை ஒரு வழி பண்ணினேன். "சொல்றதுக்கு மூணு மாசம் வேணுமா உங்களுக்கு? அதும் அந்தம்மா முன்னாடி என்னத்துக்கு?" நீங்கள் "செரி, செரி" என்று ஓட்டினீர்கள். நமக்கு நடுவில் நெளிந்துகொண்டிருந்த அம்முணி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அம்மா அழுவுது."

"தூசி" என்றேன். நீங்களும் நம்பிவிட்டீர்கள், அல்லது நம்பியதுபோல் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கினீர்கள்.

தூசி இல்லைங்க.