கராஜில் வராத புகை

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
14.06.2024, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகள் கீர்த்தனிக்கு,

நலம். நீயும் மெல்போர்னில் நலமென நம்புகிறேன். உனது 26.05.2024 திகதிய கடிதம் 11ஆம் திகதி கிடைத்தது. காரை விற்று, வீட்டைப் பூட்டிவிட்டு உன்னிடம் வந்துவிடும்படி மூன்றாவது முறையாக எழுதியிருக்கிறாய். காரைப் பற்றிய பதில் இது. தொலைபேசியில் சொல்ல எனக்கு ஏலாது.

கார் கரும்புகை விட்டதும், லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடியது ஏழாகக் குறைந்ததும் நீ அறிந்ததே. அதனால்தான் மே 25ஆம் திகதி வாங்க வந்த சின்னராசா புகையைக் கண்டு திரும்பிப் போனார். புகை நிற்கும்வரை விற்க ஏலாது என்று உனக்கு எழுதினேன். அதில் பொய் இல்லை.

பாலையூற்றில் கராஜ் வைத்திருக்கும் ஜவ்பரிடம் மே 6, மே 20 ஆகிய இரு திங்கட்கிழமைகளில் கொண்டு சென்றேன். பிளக்குகள் நான்கும் கரி படிந்திருந்தன. எஞ்சினுக்குப் பெற்றோல் கூடப் போகிறது, காற்றுப் போதவில்லை என்றார். பிளக்குகளை மாற்றினார், காற்று வடிகட்டியைத் துப்புரவாக்கினார், காபரேற்றரைக் கழற்றிப் பூட்டினார். அவர் முன்னிலையில் புகை ஒருபோதும் வரவில்லை. வீடு திரும்பும் வழியில் வந்தது. “சேர், உங்கட கார் என்னைக் கண்டா நல்ல பிள்ளை மாதிரி நிக்குது, வீட்ட போகேக்கதான் குழப்படி பண்ணுது” என்று சிரித்தார்.

கடந்த 10ஆம் திகதி மூன்றாவது முறை கொண்டு சென்றபோது, திரும்பும் வழியில் தானும் கூட வருவதாகச் சொல்லி ஜவ்பர் இடது இருக்கையில் ஏறினார். பெப்ரவரி 11ஆம் திகதிக்குப் பின் அதில் எவரும் இருந்ததில்லை. நிலாவெளி வீதியில் இரண்டு கிலோமீற்றர் போனதும் பின்னால் புகை தெரிந்தது. ஜவ்பர் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு தமக்கு முன்னால் தொங்கிய பையைப் பார்த்தார். “அம்மாட பேக்கா, சேர்?” என்று கேட்டார். ஓம் என்றேன்.

பெப்ரவரி 11, ஞாயிறு, காலை 9.40க்கு, எல்லாம் முடிந்தபின், ஆஸ்பத்திரியில் தாதி உன் அம்மாவின் கைப்பையை என்னிடம் தந்தார். இருக்கையில் வைத்தேன். முதலாவது வளைவிலேயே கீழே விழுந்தது. எடுத்து, முன்னாலிருந்த, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் பிடியில் மாட்டினேன். அன்றுமுதல் அங்கேயே மாட்டி வந்தேன். உள்ளே மூக்குக் கண்ணாடியும் கிளினிக் கொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் இருக்க வேண்டும். திறக்கவில்லை. அந்தப் பாரம் பிடியை வெளியே இழுத்து, எஞ்சினின் காற்றுவழியை அரைவாசி மூடி வைத்திருக்கிறது. கராஜில் பிறர் கை படக்கூடாதென்று பையை நான் கையோடு எடுத்துச் செல்வேன். எல்லாப் பிடிகளையும் உள்ளே தள்ளிவிட்டே வாகனத்தை ஒப்படைப்பேன். இது என் வழக்கம் என்பதை நீ அறிவாய். திரும்பும்போது மறுபடி மாட்டுவேன்.

ஜவ்பர் இம்முறை சிரிக்கவில்லை. பையை இரண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பிடியை உள்ளே தள்ளினார். பாலம் வருவதற்குள் புகை நின்றுவிட்டது. இறங்கும்போது பையை இருக்கையில் வைத்து, இருக்கை வாரைப் போட்டுப் பூட்டிவிட்டுப் போனார். வேலைக்கு எதுவும் வாங்க மறுத்துவிட்டார்.

ஆகவே காரில் இப்போது குறை ஒன்றுமில்லை. சின்னராசாவுக்கு அறிவித்தாயிற்று. ஜூலை 21, ஞாயிறு காலை எடுத்துச் செல்ல வருகிறார். அதற்குமுன் காரிலிருந்து பையை எடுத்தாக வேண்டும். நான்கு நாட்களாகக் காலையில் போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

இக்கடிதம் உன்னிடம் வரப் பதினாறு நாள், உன் பதில் வரப் பதினாறு நாள். ஜூலை 16ஆம் திகதிக்குள் கிடைத்துவிடும். வீடு பூட்டுவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். பையை எங்கே வைப்பது என்பதை மட்டும் நீ எழுது, மகள். நீ சொல்லும் இடத்தில் வைக்கிறேன்.

அங்கு குளிர்காலம் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. உனக்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
அன்பு அப்பா,
வே. பாக்கியரத்தினம்.