பத்துப் பேரும் ஒரு வண்டிப்பாதையும்

ஃபெர்மனா
வட அயர்லாந்து
10 ஜூன் 2017

ஏண்டா மெர்வினு,

நல்லா இருக்கியா? போன்ல கத்திக் கத்தி என் தொண்டைதான் போச்சு, உன் காது திறக்கல. அதான் பேனா எடுத்தேன். பிழை பாக்காத. பள்ளிக்கூடத்துல இருந்ததைவிட நான் உருளைக்கிழங்குக் காட்டுல இருந்ததுதான் அதிகம்.

தேர்தல் கூத்தைப் பாத்தியா? பிரெக்ஸிட் பேசப் பலம் வேணும்னு ஆளுங்கட்சிக்காரங்க தானாப் போய்த் தேர்தல் வெச்சாங்க, இருந்த பலமும் போச்சு. எவனுக்கும் மெஜாரிட்டி இல்ல. பிரிட்டனை விட மாட்டோம்ங்கற உங்க கட்சி எம்.பி.ங்க பத்துப் பேரு முட்டுக் கொடுத்தாத்தான் லண்டன்ல ஆட்சியே நிக்குமாம். காலரைத் தூக்கி விட்டுக்க.

இங்க, அயர்லாந்து ஒண்ணாகணும்ங்கற எங்க ஆளு ஜெயிச்சாச்சு. காரணம் நீதான். வருஷக்கணக்கா உன் கார்லதான் ஓட்டுப் போடப் போவோம். நீ உங்காளுக்கு, நான் எங்காளுக்கு. ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிரும், வந்து டீ குடிப்போம். நீ ஆன்ட்ரிமுக்கு மக வீட்டோட போயிட்ட, என் ஓட்டைத் தட்டிவிட ஆளில்ல. ஜெயிச்சு என்ன? ராணி பேருல சத்தியம் பண்ண மாட்டோம்னு எங்காளுங்க லண்டன் சபையில உக்காரவே மாட்டாங்களே. "போக மாட்டோம்"னு சொல்லித்தான் ஓட்டுக் கேட்டாங்க. "போகாதீங்க"ன்னுதான் நானும் போட்டேன். ஒவ்வொரு தலையா எண்ணுற நேரத்துல நம்ம ஊரு நாற்காலியில தூசி உக்காந்திருக்கு.

சரி, விஷயம் ஊனா. என் பொண்டாட்டி இன்னும் எல்லைக்கு அந்தப் பக்கம், அயர்லாந்து நாட்டுல, மோனகன்ல, கன்னியாஸ்திரீங்க இல்லத்துலதான் இருக்கா. ஞாபகம் உதிர்ந்துக்கிட்டே போகுது. தினம் சாயங்காலம் பின்பக்க வண்டிப்பாதையில டிராக்டர்ல போயிட்டு வரேன். பெரிய ரோட்டுல ஓட்டக் கூடாதுன்னுட்டார் டாக்டர். ஒரு நாள் போகலைன்னா மறுநாள் "நீங்க யாரு?"ங்கறா.

பிரெக்ஸிட் வந்தா எல்லையில மறுபடி காவல் வரும்ங்கறாங்க. அன்னிக்குச் சண்டை நடந்த காலத்துல பிரிட்டிஷ் பட்டாளம் அந்தப் பாதையில காங்கிரீட் கட்டையைப் போட்டப்ப, அவ அம்மா சாவுக்கு ஊரெல்லாம் சுத்திப் போனோம். போறதுக்குள்ள மண்ணு தள்ளிட்டாங்க. கார் ஓட்டினவன் நீ. உனக்குத் தெரியாததா?

உன் சர்ச்சுல காணிக்கைத் தட்டு ஏந்துறவர்தான் உங்க கட்சிக் காரியதரிசியாமே. அவர்கிட்டச் சொல்லுடா. பத்துப் பேரும் அந்த ஒரு பாதையை மட்டும் விட்டுடச் சொல்லி லண்டன்ல கேக்கட்டும்.

உன் எதிர்க்கட்சி,
ஃபோன்சி


ஆன்ட்ரிம்
20 ஜூன் 2017

அன்புள்ள ஃபோன்சி,

உன் ஆள் ஜெயித்த பாவமும் என் தலையில்தானா? இருக்கட்டும்.

ஆராதனை முடிந்ததும் காரியதரிசியைப் பிடித்தேன்.

"எல்லையில காவல் வேணும்னு யாருங்க கேட்டா? யாருமே கேக்கலையே," என்றார்.

"அப்போ வராதுல்ல?"

"ஐரோப்பாவை விட்டு வெளியேறியே ஆகணும். பிரிட்டனோட ஒட்டியே இருக்கணும். காவலும் கூடாது."

"மூணும் சேந்து எப்படிங்க நடக்கும்?"

"அதைத்தான் பேசிட்டு இருக்காங்க," என்று தோளைத் தட்டி, கட்சிப் பெயர் போட்ட பேனா ஒன்று கொடுத்தார். அதில்தான் இதை எழுதத் தொடங்கினேன். மை நின்றுவிட்டது. மீதி பென்சில்.

உங்கள் ஆட்களையும் கேட்டுப் பார். இல்லாவிட்டால் ஊனாவை வடக்குப் பக்கம் கொண்டுவந்துவிடு.

மெர்வின்


ஃபெர்மனா
1 ஜூலை 2017

டேய் பென்சிலு,

உங்காளுங்க ஒப்பந்தம் போட்டாச்சாமே. ஆஸ்பத்திரிக்கு, ரோட்டுக்கு எல்லாம் வாங்கிட்டாங்களாம். என் வண்டிப்பாதை பத்தி ஒரு வரி இல்ல.

எங்க கட்சி ஆபீஸுக்கும் போனேன். ஒரு சின்னப் பொண்ணு இருந்துச்சு.

"தாத்தா, நாங்க அந்த எல்லையே வேணாங்கறவங்க."

"அதை லண்டன்ல போய்ச் சொல்லும்மா."

"போனா சத்தியம் பண்ணணுமே தாத்தா."

போகாதன்னு ஓட்டுப் போட்டவன், போன்னு எந்த மூஞ்சியோட கேக்க? உங்காளுங்க போவாங்க, கேக்க மாட்டாங்க. எங்காளுங்க கேப்பாங்க, போக மாட்டாங்க.

ஊனாவை இடம் மாத்தினா சோறு தின்னக்கூட மறந்துடுவான்னு சிஸ்டர் சொல்லிருச்சு. அதனால பாதை திறந்திருக்கும்போதே நான் அங்க போய் உக்காந்துக்கறேன். இல்லத்துல ஓர் அறை காலியாம். வீட்டை வாடகைக்கு விட்டாச்சு. மாடு, டிராக்டர் எல்லாம் உன் தங்கச்சி மகன் வாங்கி ஓட்டிட்டுப் போயிட்டான். உங்களுக்கு எதிரா ஓர் ஓட்டுக் குறைஞ்சுது, கட்சியில சொல்லிக் கேக் வெட்டு.

ஃபோன்சி


ஆன்ட்ரிம்
6 ஜூலை 2017

ஃபோன்சி,

அட கிறுக்கா, பாதையை யாரும் இன்னும் மூடவில்லையே! அவசரப்படாதே. அவர்கள் பேசி முடிக்கட்டும். பொறு.

மெர்வின்


மோனகன்
17 செப்டம்பர் 2017

மெர்வினு,

பொறுன்னு எழுதின. உன் கடுதாசி வீட்டுக்குப் போய், சுத்தி இங்க வந்துச்சு. அதுக்குள்ள நான் வந்துட்டேன்.

நீ சொன்னதுதான் சரி. பாதை திறந்துதான் கிடக்கு. சந்தோஷப்பட்டுக்க, இதை வெச்சு நீ என்னை எவ்வளவு வேணா ஓட்டலாம்.

ஊனா பக்கத்துலதான் நாள் முழுக்க உக்காந்திருக்கேன். இங்க தங்கியிருக்கற இன்னொரு கிழவன்னு நினைச்சுக்கிட்டா. மரியாதையாத்தான் பேசுறா. சாயங்காலம் ஆனா மட்டும், "அந்த நாற்காலியை விடுங்க ஐயா, என் வீட்டுக்காரர் வர்ற நேரம்"ங்கறா.

"நாந்தாண்டி அவன்"னேன்.

"அவர் மேல டிராக்டர் எண்ணெய் வாசம் அடிக்கும். நீங்க சோப்பு வாசம் அடிக்கிறீங்க"ன்னுட்டா. சிஸ்டர்கூடச் சிரிச்சிருச்சு. நானும் சிரிச்சேன்.

எழுந்து சுவரோரமா நின்னுக்கறேன். அவ ஜன்னலையே பாத்துக்கிட்டு இருக்கா. நேத்து என்னைக் கூப்பிட்டு மெதுவாக் கேட்டா:

"பாதையை மறுபடி மூடிட்டாங்களா ஐயா?"

"இல்லம்மா. திறந்துதான் இருக்கு."

"அப்புறம் ஏன் அவர் வரல?"

மெர்வினு, அதுக்கு என்ன பதில்னு உன் காரியதரிசியைக் கேட்டு எழுது.

ஃபோன்சி