அத்தைக்கு 88

கப்பலில் இருக்கும் என் மருமகளுக்கு,

உன் அத்தை, தையல் மெஷின் பலகை மேலேயே தாளை வைத்து எழுதுவது. இங்கே நானும் உன் புருஷனும் நலம். அவன் இரண்டு கிலோ கூடியிருக்கிறான். அதை நலத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்தக் குளிருக்கு நான் தைத்துக் கொடுத்த உள்சட்டை போதுமா, தலை சுற்றல் நின்றதா என்றெல்லாம் ஒழுங்காகப் பதில் எழுது.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை போனில் நாம் இரண்டு பேரும் பேசுகிற லட்சணம் தெரிந்ததுதானே. நீ "நல்லாருக்கீங்களா அத்தை" என்பாய். நான் "இருக்கேம்மா" என்பேன். உடனே போன் உன் புருஷன் கைக்குப் போய்விடும். ஐந்து மாதமாக இதே வசனம். நான் சொல்ல வேண்டியது அதற்குள் அடங்காது. அடுத்த துறைமுகத்துக்கு அவன் உனக்கு மாத்திரையும் சாக்ஸும் பார்சல் அனுப்புகிறான். அதோடு இதையும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பிரித்துப் படிக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். படித்திருப்பான்.

இன்னும் ஆறு மாதம் கப்பலிலேயே இருக்க முடியுமா என்று உன் மேலதிகாரி கேட்டிருக்கிறாராமே. நீயும் "அத்தைகிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றாயாம். என்னிடம் கேட்கிற அளவுக்கு நான் என்ன நல்ல வார்த்தை பேசி உன்னை அனுப்பினேன்? நீ கப்பல் வேலைக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், "வீட்டையும் புருஷனையும் விட்டுட்டுக் கடல்ல போய் என்னத்தத் தேடப் போற? போறவ போன இடத்துலயே இருந்துக்கோ" என்று சொன்னேன். நீ தட்டைக் கழுவி வைத்துவிட்டு உன் மேஜைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாய். உன் கேள்விக்குப் பதில் கடைசியில் வருகிறது. தாவிப் படிக்காதே, நடுவில் நான் பட்ட பாடு வீணாகிவிடும்.

முதலில் உன் பலூன் சமாச்சாரம். மூன்று மாதம் ஈயம் உருக்கி, வீடு முழுக்கப் புகை போட்டு நீ செய்தாயே, இரண்டு சூரியத் தகடு ஒட்டிய பன்னிரண்டு கிராம் கருவி, அதைத்தான் சொல்கிறேன். அது பலூனில் தொங்கிக்கொண்டு உலகம் சுற்றும், எங்கே இருக்கிறேன் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும் என்றாய். யாரிடம் சொல்லும் என்று கேட்டேன். "யாரு கேக்குறாங்களோ அவங்ககிட்ட அத்தை" என்றாய். நல்ல பிழைப்பு என்று அப்போது மனசுக்குள் சிரித்தேன்.

காற்று திசை மாறுகிற மாதத்தில்தான் அதை விட வேண்டும் என்று செய்முறையை ஒரு தாளில் எழுதினாய். உன் புருஷனிடம் கொடுத்தால் தொலைப்பான் என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். நான் அதை அளவு நோட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். அந்த மாதமும் வந்தது. பொழுதுபோக்குக்கு ரேடியோவில் ஊர் ஊராகப் பேசுகிற உங்கள் ஹாம் ரேடியோ சங்கச் செயலாளர், அந்தப் பல் டாக்டர், விமான நிலையத்தில் அனுமதிக் கடிதம் வாங்க என்னையும் கூட்டிப் போனார். அங்கே இருந்த அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பேரப்பிள்ளைக்குப் பொறந்தநாளாம்மா?" என்று கேட்டார். "இல்ல சார், மருமகளோட ஆராய்ச்சி" என்று சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன்.

இனிமேல்தான் நான் செய்த கூத்து. உன் தாளில் எல்லாம் தெளிவாக இருந்தது. கருவிக்குப் பன்னிரண்டு கிராம், மேலே ஏற ஆறு கிராம், ஆக மொத்தம் பதினெட்டு கிராமைத் தூக்கும் அளவுக்கு ஹீலியம் அடைக்கவும் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, தாளின் அடியில், தனி வரியாக "அத்தைக்கு 88" என்று இருந்தது. முப்பது வருஷமாக என் நோட்டில் ஒரு பெயரும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தால் அது அளவுதான். டீச்சருக்கு 36 என்றால் 36தான். பதினெட்டு என்பது பொதுவான அளவு, அத்தை கையால் செய்தால் எண்பத்தெட்டு என்று எடுத்துக்கொண்டேன். பெரியவர்கள் செய்யும்போது தாராளமாகச் செய்யட்டும் என்று நினைத்திருக்கிறாள் பார், என்று ஒரு பெருமை வேறு.

பொத்தான் டப்பாவிலிருந்து எண்பத்தெட்டு கிராம் பொத்தான்களை நிறுத்து, பையில் போட்டு, பலூன் கழுத்தில் கட்டினேன். அந்தப் பை தரையை விட்டு எழும்பும் வரை காஸ் அடைத்தோம். பலூன் தட்டினால் டங் என்று சத்தம் கேட்கும் அளவுக்கு இறுகிப்போனது. உன் புருஷன் கூட, "அம்மா, இது ரொம்ப டைட்டா இருக்கே, ஒரு தடவை டாக்டர்கிட்ட கேட்டுடலாமா?" என்றான். "உன் பொண்டாட்டி எழுதி வச்சதுல உனக்கென்னடா சந்தேகம்" என்று வாயை அடைத்துவிட்டேன். ரப்பர் இல்லை, பிளாஸ்டிக் தாள் பலூன்தானே, கழுத்தை இஸ்திரிப் பெட்டியின் நுனியால் ஒட்டினேன். அந்த ஒட்டு மட்டும் பிரமாதம், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

பொத்தான் பையை அவிழ்த்துவிட்டுக் கருவியைக் கட்டி, பள்ளி மைதானத்தில் விட்டோம். விட்டதும் யாரோ துரத்துவது போல ஓடியது. முக்கால் மணி நேரத்தில் மேலே போய் வெடித்துவிட்டது. நாம் இருவரும் சேர்ந்து செய்த ஒரே காரியத்தையும் கெடுத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். நல்லவேளையாகக் கருவி விழும்போதும் தன் இடத்தைச் சொல்லிக்கொண்டே விழுந்தது. அதைக் கேட்டுக்கொண்டே நானும் உன் புருஷனும் ஸ்கூட்டரில் போனோம். ஒரு கோழிப்பண்ணையின் தகரக் கூரை மேல் கிடந்தது. பண்ணைக்காரர் ஏணி வைத்து எடுத்துக் கொடுத்தார். குண்டா என்று கேட்டார். "குண்டு இல்லீங்க, எங்க வீட்டுச் சாமான்" என்றேன். ஆன்டெனா கம்பி மட்டும் அறுந்திருந்தது, வேறு அடி இல்லை. கோழிகள்தான் அன்றைக்கு முட்டை போட்டிருக்காது.

மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனேன். நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார். எண்பத்தெட்டு சரியாகத்தானே வைத்தேன், ஏன் வெடித்தது என்று கேட்டேன். டாக்டர் பதறிப்போய், மேலே போகப் போகப் பலூன் விரியும், அதற்கு இடம் விட்டுத் தொளதொளவென்றுதான் அனுப்ப வேண்டும் என்றார். வளர்கிற பிள்ளைக்கு உள்ளே துணி விட்டுத் தைக்கிற மாதிரி. இது எனக்குத் தெரியாதா என்ன, சொல்லியிருந்தால்! பிறகு தாளை வாங்கிப் பார்த்தார். முகமூடிக்கு வெளியே தெரிந்த காது சிவந்தது.

"அம்மா, இது காஸ் அளவு இல்ல" என்றார். பின்னே என்ன என்றேன். ரேடியோவில் பேசி முடிக்கும்போது எழுபத்து மூன்று என்று சொன்னால் வாழ்த்துகள் என்று அர்த்தம் என்றார். அது எனக்குத் தெரியும், அடுத்த அறையிலிருந்து தினமும் கேட்டவள்தானே. "எண்பத்தெட்டுன்னா அதுக்கும் மேலம்மா" என்றார். மேல் என்றால் என்ன என்று கேட்டேன். அன்பு என்றார். அவ்வளவுதானா என்றேன். மனிதர் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "அன்பும்... முத்தமும்" என்று சொல்லி முடித்தார். நாற்காலியில் படுத்திருந்தவர் வாயில் பஞ்சோடு சிரித்துப் புரையேறிப்போனார். நான் தாளை வாங்கி மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வழியெல்லாம் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. நீ அந்தத் தாளை எப்போது எழுதினாய் என்று எனக்குத் தெரியும். நான் அப்படிப் பேசிய பிறகு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துதானே எழுதினாய்? நீ என்னைத் திட்டி எழுதியிருந்தால் கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஐந்து மாதம் அது என் நோட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஊரார் இடுப்பளவுகளோடு சேர்த்து வைத்திருந்தேன். உன் புருஷனிடம், உனக்கு ஒரு தடவையாவது எண்பத்தெட்டு சொல்லியிருக்காளாடா என்று கேட்டேன். "எனக்கு நேர்லயே சொல்லிடுவா" என்றான். வெட்கம் கெட்டவன்.

நீ பெட்டியில் வைத்துவிட்டுப் போன இரண்டாவது பலூனை எடுத்தோம். ஆன்டெனாவுக்குப் புதுக் கம்பியை நானே முடிந்தேன். அந்த மெல்லிசுக் கம்பியைக் கையாள உன் சங்கத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று டாக்டரே ஒப்புக்கொண்டார். இந்த முறை பதினெட்டே கிராம், ஒரு பொத்தான் கூட அதிகம் இல்லை. பலூன் சுருங்கிப்போய், பத்து நாள் பட்டினி கிடந்த மாதிரி இருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். காலை ஆறரை மணிக்கு இலை அசையவில்லை. "விடும்மா" என்றான் உன் புருஷன். "விடுங்கம்மா" என்றார் டாக்டர். மூன்றாவது தடவை சொன்ன பிறகுதான் விட்டேன். மெதுவாக, அவசரமே இல்லாமல் ஏறிப் போனது. கழுத்து வலிக்கிற வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

முதல் நாள் பதினொரு பேர் அதன் குரலைக் கேட்டார்கள். கேட்டவர்களின் ரேடியோப் பெயரெல்லாம் பட்டியலாக போனில் வருகிறதே, அதைப் பார்க்க உன் புருஷன் கற்றுக் கொடுத்தான். பேட்டரி இல்லாததால் பொழுது சாய்ந்தால் கருவி பேச்சை நிறுத்திவிடும், வெயில் பட்டால் மறுபடி ஆரம்பிக்கும். நான் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். ஐந்தாம் நாள் அது கடல் மேல் போனது. உன் கப்பல் இருக்கும் பக்கமாகத்தான் போகிறது என்று உன் புருஷன் வரைபடத்தில் காட்டினான். அதோடு சத்தம் நின்றுவிட்டது. ஆறாம் நாளும் இல்லை, ஏழாம் நாளும் இல்லை.

கடலுக்கு மேலே கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான், பலூனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். எனக்கு அந்தக் கவலை பாதிதான். அங்கே நீ இருக்கிறாயே, உன்னிடம் ரேடியோ இருக்கிறதே. பலூன் வருகிறது என்று புருஷன் சொல்லித் தெரிந்தும், அத்தை விட்ட பலூன்தானே என்று காதைத் திருப்பிக்கொண்டாயோ என்று நினைத்தேன். நினைக்க எனக்கு முகாந்திரம் இருந்தது. அந்த வாரம் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன். முப்பது வருஷத்தில் இது முதல் தடவை. வெளியில் சொல்லாதே.

ஒன்பதாம் நாள் காலையில் பட்டியலில் ஒரே ஒரு வரி வந்தது. உயரம் பன்னிரண்டாயிரம் மீட்டர். கேட்டவர் என்ற இடத்தில் உன் ரேடியோப் பெயர், அதன் வாலில் கப்பல் என்று காட்டுகிற இரண்டு எழுத்து. வேறு ஒருவர் பெயரும் இல்லை. அத்தனை பெரிய கடலில் அதைக் கேட்டது நீ ஒருத்திதான். அங்கே விடிந்தும் விடியாத நேரமாம், உன் புருஷன் சொன்னான். அந்த நேரத்துக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிறாய். அடுப்பில் வைத்த பாலைக் கூட மறந்துவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. உன் புருஷன்தான் துடைத்தான், நன்றாகத் துடைக்கவில்லை.

இப்போது பதில். உனக்கு அந்த வேலை பிடித்திருந்தால் இன்னும் ஆறு மாதம் இரு. உன் புருஷனை நான் பார்த்துக்கொள்கிறேன், அந்த இரண்டு கிலோவையும் குறைக்கிறேன். ஆனால் நான் அன்றைக்குச் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு மட்டும் இருந்துவிடாதே. அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். தப்பு என் மேல்தான். என்னை விட்டுப் போகிறாயே என்ற ஆத்திரத்தை வேறு மாதிரி சொல்லத் தெரியாமல் அப்படிச் சொல்லித் தொலைத்தேன். இது உன் வீடு. உன் மேஜையை நான் தொடவில்லை. சரி, தொட்டேன், தூசிதான் தட்டினேன். மாடியில் உன் ஆன்டெனா கம்பியில் இப்போதெல்லாம் துணி காயப்போடுவதில்லை. ஒரே ஒரு தடவை போட்டேன், கொடியில் இடம் இல்லை.

பலூன் உன்னைத் தாண்டிப் போய்விட்டது. இப்படியே போனால் இன்னும் இரண்டு வாரத்தில் உலகத்தைச் சுற்றி நம் வீட்டுப் பக்கம் வந்தாலும் வருமாம். வந்தால் மாடியில் ஏறிக் கேட்பேன். எப்படிக் கேட்பது என்று டாக்டரிடம் பாடம் படிக்கிறேன், அடுத்த மாதம் பரீட்சை. சிரிக்காதே.

அலை அடங்கி, காற்று உன் பக்கமாக வீசி, போகிற இடமெல்லாம் நீ நல்லபடியாக இருக்க வேண்டும். என்றைக்கு வந்தாலும் நேரே உள்ளே வா. இந்த வயதில் இதை வாயால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் நீ எழுதியது போலவே எழுதிவிடுகிறேன். இது அளவு இல்லை.

மருமகளுக்கு 88.

அத்தை